தூவும் துவும்: எட்டாம் வகுப்பில் பிறந்த யாளிகள்

நாக்கைச் சுருட்டச் சொன்னதில்தான் எல்லாம் தொடங்கியது.

அப்போது நான் ஆசிரியராகி மூன்றாவது வருடம். மதுரைக்கு மேற்கே ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தேன். மரபியல் பத்தாம் வகுப்புப் பாடத்தில்தான் முறையாக வருகிறது. ஆனால் செல்லைப் பற்றி நடத்தி முடித்ததும் பிள்ளைகள் கேட்பது எப்போதும் இதைத்தான்: "டீச்சர், நான் ஏன் எங்க அத்தை மாதிரியே இருக்கேன்?" இன்னும் ரெண்டு வருடம் பொறு என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதனால் நான் படித்த காலத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன். நாக்கைக் குழல்போலச் சுருட்ட வருகிறதா, காதின் அடிமடல் ஒட்டியிருக்கிறதா தொங்குகிறதா, நெற்றி முடி நடுவில் கூராக இறங்குகிறதா என்று ஓர் அட்டவணை. வீட்டுக்குப் போய் அப்பா, அம்மா, அப்பத்தா, அம்மாச்சி எல்லோரையும் பார்த்து நிரப்பி வர வேண்டும். நாக்கு சுருள்வது ஓங்கு பண்பு (அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியே தெரிவது), சுருளாதது ஒடுங்கு பண்பு (இருவரிடமிருந்தும் வந்தால்தான் தெரிவது), அப்பா அம்மா இருவருக்கும் சுருளாவிட்டால் பிள்ளைக்கும் சுருளாது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன்.

மறுநாள் ஒரு பையன் மட்டும் தாளைக் கொடுக்கவில்லை. இடைவேளையில் தனியாக வந்து நின்றான்.

"டீச்சர், எங்க அப்பாவுக்கும் சுருளல, அம்மாவுக்கும் சுருளல. எனக்கு மட்டும் சுருளுது. அப்ப எங்க அண்ணன் சொல்றது நெசம்தானா?"

"அண்ணன் என்ன சொல்றான்?"

"என்னையத் தவிட்டுக்கு வாங்குனாகளாம்."

நம் வீடுகளில் இளைய பிள்ளையை அழவைக்கச் சொல்லாத வீடு உண்டா இதை? ஆனால் அண்ணன் விளையாட்டாகச் சொன்னதற்கு அன்றைக்கு நான் சாட்சி எழுதிக் கொடுத்திருந்தேன், சாக்பீஸால். அதே வகுப்பில் பெரியம்மா வீட்டில் வளரும் ஒரு பெண் பிள்ளை மூன்று கட்டங்களைக் காலியாக விட்டிருந்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. தாளை மடித்துக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அன்று இரவு உட்கார்ந்து தேடிப் படித்தபோதுதான் நான் எழுதிப்போட்டதே தவறு என்று தெரிந்தது. நாக்குச் சுருட்டலைப் பரம்பரைப் பண்பு என்று 1940-ல் எழுதியவர் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டிவன்ட். சின்ன ஆள் இல்லை. செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம் இழையில் ஜீன்கள் எந்த வரிசையில் அமர்ந்திருக்கின்றன என்று உலகத்தின் முதல் ஜீன் வரைபடத்தை 1913-ல் போட்டவர். ஆனால் 1952-ல் மேட்லாக் என்பவர் ஒரே கருவில் உருவான இரட்டையர்களைப் பார்த்தார். 33 ஜோடிகளில் 7 ஜோடிகளில் ஒருவருக்குச் சுருண்டது, மற்றவருக்குச் சுருளவில்லை. ஒரே ஜீன்கள் கொண்ட இருவரிடமே இப்படி மாறினால் அது ஒற்றை ஜீனின் வேலையாக மட்டும் இருக்க முடியாது. ஸ்டர்ட்டிவன்டே 1965-ல், இன்னமும் இதை நிரூபிக்கப்பட்ட உதாரணம் என்று நூல்களில் போடுவதைப் பார்த்துக் கூச்சமாக இருக்கிறது என்ற பொருளில் எழுதிவிட்டார். காதுமடலும் அப்படித்தான். ஒட்டியது, தொங்குவது என்று இரண்டே வகை கிடையாது. இடைப்பட்ட நிலைகள் ஏராளம், பின்னால் இருக்கும் ஜீன்களும் பல.

அடுத்த நாள் காலையில் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னேன். நான் எழுதியது தப்பு, அழித்துவிடுங்கள் என்றேன். பையன் நிமிர்ந்து பார்த்தான். எனக்கு அது போதவில்லை. பிள்ளையின் முகத்தையும் குடும்பத்தையும் மேசைமேல் வைத்து நடத்துகிற பாடம் இனி வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அப்படியானால் எதை வைத்து நடத்துவது?

பட்டாணிச் செடிகளை வைத்துப் பரம்பரை விதிகளைக் கண்டுபிடித்த மெண்டலின் பட்டாணி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பட்டாணி என்றால் சுண்டல், இல்லையென்றால் பொட்டலத்தில் வரும் வறுத்த பட்டாணி. நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. எங்கள் மண்ணின் வெயிலில் அது வராது. விதைத்து, கலப்பு செய்து, மறு தலைமுறை காண இரண்டு பருவம் வேண்டும்.

விடை மீனாட்சி அம்மன் கோயிலில் கிடைத்தது. ஆயிரங்கால் மண்டபத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போயிருந்தோம். தூண்தூணாக யாளி. சிங்க உடம்பு, யானைத் தும்பிக்கை, பிதுங்கிய கண். "இது நெசமாவே இருந்துச்சா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப சிங்கத்துக்கும் யானைக்கும் பொறந்ததா?" என்றான் இன்னொருவன். சிங்கமும் யானையும் சேர்ந்து குட்டி போட முடியாது, யாளி என்று ஒன்று இருந்தால் அதற்கு அப்பா அம்மாவும் யாளியாகத்தான் இருக்க வேண்டும் என்றேன். சொல்லி முடிக்கும் முன்பே மனதுக்குள் பளிச்சென்றது. யாருடைய வீட்டிலும் இல்லாத மிருகம். எல்லாப் பிள்ளைக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்த மிருகம். அதன் பரம்பரை விதிகளை நானே வகுக்கலாம். அதன் மூக்கைப் பார்த்து எந்தப் பிள்ளையும் தலைகுனிய வேண்டியதில்லை.

அமெரிக்கப் பள்ளிகளில் மிட்டாயையும் பல்குத்தும் குச்சியையும் வைத்துக் கற்பனைப் பிராணி செய்து மரபியல் நடத்துவார்கள் என்பதைப் பிறகு படித்தேன். அடிப்படை ஒன்றுதான். ஆனால் மிட்டாய்ப் பிராணியை அங்கிருந்து இறக்கியிருந்தால் எங்கள் பிள்ளைகள் அதை அரைமணி நேரத்தில் தின்று முடித்திருப்பார்கள். யாளியோ ஒவ்வொரு வருடமும் அவர்கள் வாயில் புழங்கிக்கொண்டே இருக்கிறது.

முதலில் வந்து இடித்தது எழுத்து. மரபியலை எங்கும் ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சின்ன எழுத்தால்தான் குறிப்பார்கள். பெரிய எழுத்து ஓங்கியது, சின்ன எழுத்து ஒடுங்கியது. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது கூடுதல் சுமை. அதிலும் பெரிய சி-யும் சின்ன சி-யும் கையெழுத்தில் ஒன்றுபோலவே விழும். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள், பக்கத்து அறையில் தமிழய்யா ஆறாம் வகுப்புக்குக் குறில் நெடில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு.

நெடில் ஓங்கியது. குறில் ஒடுங்கியது. அவ்வளவுதான். தும்பிக்கைக்குத் தூ, து. கொம்புக்குக் கோ, கொ. வாலுக்கு வா, வ. கண்ணுக்குக் கா, க. முதுகுக்கு மூ, மு. தூ ஒன்றாவது இருந்தால் தும்பிக்கை உண்டு. இரண்டும் து என்றால் தும்பிக்கை இல்லாத சிங்கமுகம். கோ இருந்தால் கொம்பு, கொகொ என்றால் மொட்டைத் தலை. வா சுருட்டை வால், வவ நேர் வால். கா பிதுங்கிய கண், கக சின்னக் கண். மூ முதுகில் வரி, முமு வரியில்லாத முதுகு.

இதில் நான் எதிர்பாராத ஒரு லாபமும் கிடைத்தது. பிள்ளைகள் ஜீனாக்கத்தை, அதாவது குட்டியிடம் உள்ள எழுத்து ஜோடிகளை, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்கள். "என் குட்டி தூது, கோகோ, வவ!" என்று வகுப்பின் ஒரு மூலையிலிருந்து கத்தினால் அடுத்த மூலையில் இருப்பவளுக்கு அந்தக் குட்டியின் முகம் கண்ணில் வந்துவிடும். ஆங்கில எழுத்தில் இந்த ஓசை வரவே வராது. தமிழய்யாவிடம் சொன்னபோது சந்தோஷப்பட்டு ஒன்று சொன்னார்: "கல்லு கால்னு ஆகும், படம் பாடம்னு ஆகும். மாத்திரை மாறுனா பொருளே மாறிப்போகும்மா." அந்த வரியையும் எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு உதவியது.

அடுத்தது குச்சி. ஒவ்வொரு பண்புக்கும் ஓர் ஐஸ் குச்சி. ஒரு முகத்தில் ஓர் எழுத்து, மறுமுகத்தில் இன்னோர் எழுத்து. தாய் யாளிக்கு ஒரு கட்டு, தந்தை யாளிக்கு ஒரு கட்டு. முப்பத்திரண்டு பிள்ளைகள், இரண்டிரண்டு பேராகப் பதினாறு குழு. ஒருவர் தாயின் குச்சிகளைக் கையில் வைத்துக்கொள்வார், மற்றவர் தந்தையின் குச்சிகளை. தாயம் போடுவதுபோல உள்ளங்கைக்குள் குலுக்கித் தரையில் விட வேண்டும். மேலே தெரிகிற எழுத்துதான் குட்டிக்குப் போகும். கீழே ஒளிந்த எழுத்து இந்தத் தடவை போகாது.

இங்கே ஒன்றை விடாமல் செய்யச் சொல்வேன். பழைய குச்சியை அப்படியே குட்டிக்குக் கொடுத்துவிடக் கூடாது. புதுக் குச்சி எடுத்து, அப்பா கொடுத்த எழுத்தை முன்முகத்திலும் அம்மா கொடுத்த எழுத்தைப் பின்முகத்திலும் எழுத வேண்டும். அது குட்டியின் சொந்தக் குச்சி. நாளைக்கு அந்தக் குட்டி வளர்ந்து தாயானால் குலுக்கப்போவது அதைத்தான். இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்க முடியும், எதைக் கொடுக்கிறோம் என்று தேர்ந்தெடுக்க முடியாது என்பதை நான் வாயால் விளக்கிய காலத்தில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. குச்சியைக் கையால் எழுதிய பிறகு புரியாதவர் இல்லை.

எழுத்து முடிந்ததும் உருவம். கண்மாய்க் களிமண், தென்னை ஈர்க்கில் கொம்பு, புளியங்கொட்டையில் கண். முதல் வருடம் ஒரு பெண் கண்ணுக்குக் குன்றிமணி கொண்டுவந்தாள். சிவப்பும் கறுப்புமாகப் பார்க்க அத்தனை அழகு, ஆனால் விஷம். வாங்கி வைத்துவிட்டேன். நீங்கள் யாராவது செய்துபார்ப்பதாக இருந்தால் இதை மறக்க வேண்டாம்.

தாயும் தந்தையும் எல்லாக் குழுவுக்கும் ஒரே மாதிரி: ஒவ்வொரு குச்சியிலும் ஒரு நெடில், ஒரு குறில். ஆகவே பெற்றோர் இரண்டுக்கும் தும்பிக்கை உண்டு, கொம்பு உண்டு, சுருட்டை வால் உண்டு. ஆனால் ஜன்னல் திண்ணையில் வந்து வரிசையாக நின்ற பதினாறு குட்டிகளில் இரண்டு குட்டிகள்கூட ஒன்றுபோல இல்லை. சிங்கமுகக் குட்டி செய்த பையன் எழுந்து, "என் குட்டிக்கு யாரு ஜாடை டீச்சர்? அப்பா ஜாடையும் இல்ல, அம்மா ஜாடையும் இல்ல" என்றான். நான் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. பின்வரிசையில் நாக்குச் சுருளும் பையனின் தங்கை உட்கார்ந்திருந்தாள். இதெல்லாம் ஐந்து வருடம் கழித்து நடப்பது. அவள்தான் சொன்னாள்: "ரெண்டு பேருகிட்டயும் து ஒளிஞ்சு கெடந்துச்சுடா. உனக்கு ரெண்டு துவும் வந்து சேந்துருச்சு. தவிட்டுக்கெல்லாம் வாங்கல."

அன்று நான் பாடத்தை அங்கேயே நிறுத்திக்கொண்டேன். கைக்குட்டை தேட வேண்டியிருந்தது.

ஆனால் எண்ணிக்கை உடனே மண்டியிடவில்லை. தும்பிக்கை உள்ளவை மூன்று பங்கு, சிங்கமுகம் ஒரு பங்கு வர வேண்டும் என்பது கணக்கு. பதினாறில் பன்னிரண்டும் நான்கும். வந்ததோ ஒன்பதும் ஏழும். "கணக்கு தப்பா டீச்சர்?" என்றார்கள். இந்த இடத்தில் விடையைச் சொல்லிவிடும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். களிமண் வேண்டாம், தும்பிக்கைக் குச்சியை மட்டும் ஒவ்வொரு குழுவும் இன்னும் பத்துத் தடவை குலுக்குங்கள் என்றேன். நூற்று அறுபது குலுக்கலில் விகிதம் மூன்றுக்கு ஒன்றின் பக்கத்தில் வந்து நின்றது. பிறகுதான் மெண்டலின் கதையை எடுத்தேன். இன்றைய செக் நாட்டின் பிர்னோ நகரத்தில் ஒரு மடத்துத் துறவி. 1856 முதல் எட்டு வருடம் ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகள். இரண்டாம் தலைமுறையில் உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. வகுத்துப் பாருங்கள் என்றதும் இருவர் போட்டி போட்டு வகுத்தார்கள். 2.96. சரியாக மூன்று அவருக்கும் வரவில்லை. நம் ஒன்பதுக்கு ஏழு பதினாறே குட்டிகளில் வந்தது, அவருடைய 2.96 ஏழாயிரத்துச் சொச்சம் விதைகளில் வந்தது. அந்த மனிதர் ஏன் அத்தனை ஆயிரம் விதைகளை எண்ணினார் என்பதைக் குலுக்கிப் பார்த்த பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

நெடில் என்ற சொல் ஒரு தப்பர்த்தத்தையும் கூடவே கொண்டுவரும். நெடில்தான் பலசாலி, நெடில்தான் நல்லது, ஓங்கு பண்புதான் ஊரெல்லாம் நிறைந்திருக்கும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். ஓங்கு, ஒடுங்கு என்ற பாடப்புத்தகச் சொற்களும் அந்த நினைப்புக்குத்தான் தீனி போடுகின்றன. இதற்கு நான் வைத்திருக்கும் உதாரணம் ஆறாம் விரல். பல குடும்பங்களில் அது ஓங்கு பண்பாகவே இறங்குகிறது. ஆனாலும் நம்மில் பெரும்பாலோருக்கு ஐந்து விரல்தான். எந்த எழுத்து ஊரில் அதிகம் புழங்குகிறது என்பது வேறு, இரண்டு எழுத்து சேர்ந்தால் எது வெளியே தெரியும் என்பது வேறு.

நிறத்துக்கு மட்டும் நெடில் குறில் வைக்கவில்லை. செ, வெ. இரண்டும் குறில், இரண்டும் சமம். செசெ சிவப்பு யாளி, வெவெ வெள்ளை யாளி, செவெ என்றால் ரோஸ் நிறம். சிவப்புக்குச் செம்மண், வெள்ளைக்குச் சுண்ணாம்பு, ரோஸுக்கு இரண்டையும் குழைத்துப் பூச வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஏனென்றால் இங்கே கண் ஒன்று சொல்லும், குச்சி வேறொன்று சொல்லும். குழைத்த கிண்ணத்தைக் காட்டி, இதிலிருந்து சுண்ணாம்பைத் தனியாக எடுக்க முடியுமா என்பேன். முடியாது என்பார்கள். அப்படியானால் இரண்டு ரோஸ் யாளிக்கு வெள்ளைக் குட்டி பிறக்குமா? பிறக்காது என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். பிறகு குலுக்குவார்கள். வெவெ விழும். கொஞ்ச நேரம் அறையில் சத்தமே இருக்காது.

மெண்டலின் காலத்து அறிஞர்களில் பலரும் கிண்ணத்தைத்தான் நம்பினார்கள். அப்பாவின் சாறும் அம்மாவின் சாறும் கலந்து பிள்ளை வருகிறது என்று. டார்வினுக்கே இது பெரிய இடறல். கலந்துகொண்டே போனால் புதிதாகத் தோன்றும் எந்த நல்ல பண்பும் நாலைந்து தலைமுறையில் கரைந்துபோகுமே என்று 1867-ல் ஃபிளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில் அதற்கு முந்தைய வருடமே, 1866-ல், மெண்டலின் கட்டுரையாக அச்சாகிவிட்டிருந்தது. எழுத்துகள் கரைவதில்லை, ஒளிந்து கிடந்து முழுசாகத் திரும்பி வருகின்றன. ஆனால் 1900 வரை அதை எடுத்துப் பேச ஆளில்லை. அந்த வருடம் அதை மறுபடி கண்டெடுத்த மூவரில் ஒருவரான காரென்ஸ், நம் வீட்டு வேலியோரம் சாயங்காலம் பூக்கும் அந்திமந்தாரையில் சிவப்பு, வெள்ளை, ரோஸ் மூன்றையும் ஆராய்ந்தவர். அதனால் யாளிப் பாடம் முடிந்த கையோடு பிள்ளைகளை வேலிக்குக் கூட்டிப்போவேன். கற்பனை மிருகத்தில் படித்தது உயிருள்ள செடியில் நடக்கிறது என்று ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் இதெல்லாம் டீச்சர் கட்டிய கதை என்று ஆகிவிடும்.

அந்தக் கவலை எனக்கு உண்மையிலேயே உண்டு. என் யாளியில் ஒரு குச்சிக்கு ஒரு பண்பு. உலகம் அத்தனை ஒழுங்காக இல்லை. முதல் இரண்டு வருடம் இதைச் சொல்லாமல் விட்டேன். மூன்றாம் வருடம் ஒருத்தி, "நான் கறுப்பு, எங்கக்கா செவப்பு. எனக்குக் குறில் விழுந்துருச்சுல்ல டீச்சர்?" என்று கேட்டபோது, என் பாடமே ஒரு பிள்ளையின் மனசில் புது முள்ளாக ஏறியிருப்பது தெரிந்தது. அதிலிருந்து ஒரு நாளை உயரக் குச்சிக்கென்று ஒதுக்குகிறேன். தாய்க்கு நான்கு, தந்தைக்கு நான்கு. எட்டில் எத்தனை நெடில் விழுகிறதோ அத்தனை விரற்கடை உயரம். ஒவ்வொரு பிள்ளையும் குலுக்கி, தரையில் சாக்பீஸால் போட்ட கோட்டில் தன் எண்ணுக்கு நேரே போய் நிற்க வேண்டும். நாலுக்கு நேரே நீள வரிசை, மூன்றிலும் ஐந்திலும் கொஞ்சம் குறைவு, பூஜ்யத்திலும் எட்டிலும் பெரும்பாலும் ஆளே இல்லை. பிறகு சொல்வேன்: நம் உயரமும் தோல் நிறமும் இப்படிப் பல குச்சிகளின் கூட்டு. உயரத்தில் சாப்பாட்டுக்கும் நோய்க்கும் பங்கு, நிறத்தில் வெயிலுக்கும் பங்கு. ஒரே நெல் தண்ணீர் பாய்ந்த வயலில் ஓர் உயரம், காய்ந்த வயலில் ஓர் உயரம் என்று விவசாய வீட்டுப் பிள்ளைகளே மிச்சத்தைச் சொல்லிவிடுவார்கள்.

மாமன் மகள், அத்தை மகன் கேள்வியும் ஒவ்வொரு வருடமும் வரும். எங்கள் பக்கத்தில் வராமல் இருக்குமா? வகுப்பில் பாதிப் பேரின் அப்பா அம்மா சொந்தத்துக்குள் கட்டியவர்கள். தாய்மாமனைக் கட்டியவர்களும் உண்டு. தப்பு என்று சொன்னால் பிள்ளை வீட்டைப் பற்றி என்ன நினைக்கும்? சொல்லாமல் விட்டால் நான் எதற்கு டீச்சர்? யாளிதான் இங்கேயும் கைகொடுத்தது. ஒரு கிழட்டு யாளிப் பாட்டியிடம் ஒளிந்த எழுத்து ஒன்று இருக்கிறது, இரண்டு சேர்ந்தால் குட்டி நோயோடு பிறக்கும் என்று வைத்துக்கொள்வோம். பாட்டியிடமிருந்து மகனுக்கு அது போக ஒரு குலுக்கல். மகளுக்குப் போக ஒன்று. மகளிடமிருந்து பேத்திக்குப் போக ஒன்று. பேத்தி தாய்மாமனைக் கட்டினால் இருவரிடமிருந்தும் குட்டிக்குப் போக இரண்டு. ஐந்து குச்சியும் ஒரே பக்கம் விழ வேண்டும். 32-ல் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்றால் குச்சி ஆறு, 64-ல் ஒன்று. ஐந்து குச்சியைக் குலுக்கிக்கொண்டே இருக்கச் சொல்வேன். பெரும்பாலும் கலந்துதான் விழும். திடீரென்று ஒருவர் கையில் ஐந்தும் ஒன்றுபோல விழும். அப்போது சொல்வேன், இது ஓர் எழுத்துக்கான கணக்கு, ஆனால் நம் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒளிந்த எழுத்துகள் சில உண்டு, தாத்தாவிடமும் உண்டு. சொந்தத்துக்கு வெளியே அசலில் கட்டினால் இரு பக்கமும் அதே எழுத்து இருக்கும் வாய்ப்பு குறைவு. அவ்வளவுதான் சொல்வேன். பெற்றவர்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு இதை யாரும் குச்சி போட்டுக் காட்டவில்லை.

ஒளிந்த எழுத்தெல்லாம் கெட்டது என்றும் விட்டுவிட முடியாது. நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்தத்தில் அரிவாள் அணுப் பண்பை, அதாவது சிவப்பணுக்களை அரிவாள்போல வளைத்துவிடும் பண்பை, 1952-ல் லேமனும் கட்புஷும் கண்டறிந்தார்கள். இரத்தச் சிவப்புப் புரதத்தின் ஒரு சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அதில் ஆறாவது இடத்தில் ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது. தமிழய்யாவின் கல், கால்தான். இரண்டு பக்கமும் அந்த எழுத்து வந்தால் கடுமையான நோய். ஒரு பக்கம் மட்டும் வந்தவருக்கு மலேரியாவைத் தாக்குப்பிடிக்கும் பலம். மலேரியா நிறைந்த காடுகளில் அந்த எழுத்து அழியாமல் நின்றதற்கு இதுதான் காரணம்.

கடைசி நாள்தான் ஆணா பெண்ணா குச்சி. அதற்கு நெடிலும் இல்லை, குறிலும் இல்லை. எக்ஸ், ஒய் என்றே எழுதுகிறேன். 1905-ல் நெட்டி ஸ்டீவன்ஸ் மாவுப்புழுவின் செல்களில் சின்னதாக ஒரு குரோமோசோம் ஆண் புழுக்களிடம் மட்டும் இருப்பதைப் பார்த்ததிலிருந்து வந்த அறிவு இது. தாய் யாளியின் குச்சியில் இரு முகத்திலும் எக்ஸ். தந்தையின் குச்சியில் ஒரு முகம் எக்ஸ், ஒரு முகம் ஒய். இரண்டும் எக்ஸ் என்றால் பெண் குட்டி, எக்ஸும் ஒய்யும் என்றால் ஆண் குட்டி. நான் ஒன்றும் சொல்லாமல் குலுக்க விட்டுவிடுவேன். எங்கள் பக்கம் எது என்று தெரிந்தவர்களுக்கு இந்த நாளின் கனம் தெரியும். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் இது. மகள் போதும் என்று போதும்பொண்ணு என்று பெயர் வைத்த பெண்கள் இங்கே ஊருக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். மூன்று பெண் பிறந்தால் நாலாவது கட்டாயம் ஆண்தான் என்று நம்பிப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். முன்னால் எது விழுந்தது என்று குச்சிக்குத் தெரியாது என்பதை உயரக் குச்சி நாளிலேயே பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்.

போன வருடம் தாயின் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி சத்தமாகச் சொன்னாள்: "டீச்சர், அம்மா குச்சில ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். அது எப்படி விழுந்தாலும் ஒண்ணுதான்."

வீட்டுக்கு அவள் நாலாவது பெண். அவள் அம்மாவை அப்பத்தா பேசுகிற பேச்சு தெருவுக்கே தெரியும். பள்ளி விடும்போது என் மேசைப் பக்கம் வந்து, அந்த இரண்டு குச்சிகளையும் வீட்டுக்குக் கொண்டுபோய் திங்கட்கிழமை தரட்டுமா என்று கேட்டாள். கொடுத்தேன்.

திங்கட்கிழமை வந்தாள். அப்பத்தாவுக்குத் தாயம் என்றால் உயிராம். குச்சியைப் பார்த்ததும் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டதாம். இவள் தாயின் குச்சியைப் போட்டாள், அப்பத்தா தந்தையின் குச்சியைப் போட்டது. பத்துப் பன்னிரண்டு தடவை போட்ட பிறகு இவள் விஷயத்தைச் சொன்னாளாம்.

"என்ன சொன்னாங்க அப்பத்தா?"

"ஒண்ணுமே சொல்லல டீச்சர். ரொம்ப நேரம் குச்சியவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. எங்க அப்பாவுக்கு முன்னால அதுக்கும் மூணு அத்தைக பொறந்தாகல்ல. அப்புறமா என்னைய மட்டும் கூப்ட்டு மெதுவாக் கேட்டுச்சு, 'ஏண்டி, அப்ப அந்தக் குச்சி உங்க தாத்தா கையிலயா இருந்துச்சு?'ன்னு."

குச்சியை நீட்டினாள். தாயின் குச்சி மட்டும்தான் இருந்தது. மற்றதை அப்பத்தா வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறதாம், நாளைக்கு வாங்கி வருகிறேன் என்றாள். வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்றேன். வேறொரு ஐஸ் குச்சி எடுத்து ஒரு முகத்தில் எக்ஸும் மறுமுகத்தில் ஒய்யும் எழுதிக் கட்டில் சேர்த்துக்கொண்டேன்.